பாடச் சொன்னால் பாடுகிறவர்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. புடவைக்கு நடுவில் வைத்து மடிக்கிற அட்டை. அதில் என் கையெழுத்தில் நான்கு வரிகள். கார்டு நம்பரைச் சொல்லாதே. மெசேஜில் வரும் நம்பரைச் சொல்லாதே. பரிசு கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான். நான்காவது வரி நைனா, அதாவது என் அப்பா, சொல்லச் சொல்ல எழுதியது: மரியாதையாகப் பேசுகிறவனை நம்பாதே. முதல் மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. நான்காவதுதான் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் விசைத்தறிக் குடும்பம். இரண்டு தறி, மூன்று பேர். வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதிக்குப் பாதி, ஆபீஸ் என்றால் தெலுங்கு. நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆபீஸ்களில் அவர் காதில் விழுந்த தெலுங்கு ஒரே ரகம்: அப்புறம் வா, தள்ளி நில்லு, தலையைச் சொறியாமல் சொல்லு. பையன் வயதுக் குமாஸ்தாவும் அவரை நீ என்றுதான் கூப்பிடுவான். நைனா அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வெயில் அடிப்பது மாதிரி அதுவும் ஒன்று.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த முதல் போன் வந்தது. பட்டன் போன் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. எதிர்ப்பக்கம் பேசியவன் அவர் பெயரோடு 'காரு' சேர்த்துக் கூப்பிட்டான். தெலுங்கில் பெரிய மனிதர்களின் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை அது. நைனா சட்டென்று எழுந்து நின்றார். இரண்டு தறியையும் நிறுத்தினார். சொந்தத் தம்பி கல்யாணச் சேதி வந்தபோது ஒரு தறியைத்தான் நிறுத்தியவர்.

குலுக்கலில் கார் விழுந்திருக்கிறதாம், சிவப்பு நிறமாம். அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் வீடு வீடாக இல்லை. எங்கள் தெருவில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று சாக்கடையில் இறங்க வேண்டும். அதில் காரை எங்கே நிறுத்துவது என்று எதிர்வீட்டுக்காரரோடு நைனா சண்டையே போட்டுவிட்டார். முதல் சவாரி திருமலைக்கு என்றாள் அம்மா. மலை ஏறும்போது எனக்கு வாந்தி வரும், முன்சீட்டு எனக்கு என்று நான் சொல்லி வைத்தேன். படித்தவள் சொன்னது இது. இந்தக் கூத்துக்கு நடுவில் நைனா கார்டில் இருந்த நம்பரைப் படித்தார், மெசேஜில் வந்த நம்பரையும் படித்தார். அந்தப் பக்கம் ஒவ்வொரு நம்பருக்கும் நன்றி சொன்னார்கள். மூன்றாவது தறிக்கு மோட்டார் வாங்க வைத்திருந்த பணம் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

இரண்டு நாள் அவர் தறிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"காருன்னு கூப்ட்டான் பாரு, அங்கியே நான் உஷாராயிருக்கணும். நெசமான ஆபீஸ்காரன் எவனாச்சும் நம்மள காருன்னு கூப்டுவானா? வள்ளுனு வுழுவான். பாதிலியே வெச்சுடுவான். திருடனுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

அதற்குப் பிறகு நைனா தொட்டதெல்லாம் வேடிக்கை. ஒருமுறை நம்பரைக் கொடுத்த வீட்டை அந்தக் கூட்டம் சுலபத்தில் விடாதுபோல. வாரத்துக்கு இரண்டு போனாவது வரும். கார்டு காலாவதியாகப் போகிறது என்பார்கள், விமான நிலையத்தில் பார்சல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். திருடனா இல்லையா என்று கண்டுபிடிக்க நைனா ஒரு சோதனை வைத்திருந்தார். பாடச் சொல்லுவார். "நம்பர் சொல்றேன் சார், அதுக்கு முன்ன ஒரு பாட்டு பாடுங்க." ஆபீஸ்காரனாக இருந்தால் திட்டிவிட்டு வைத்துவிடுவான். திருடன் பாடுவான் என்பது கணக்கு. கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை. பார்சல்காரன் தாலாட்டுப் பாடினான். கார்டுக்காரன் பல்லவி முடித்துச் சரணத்துக்கே போய்விட்டான், நல்ல குரல் வேறு. நைனா போனை ஸ்பீக்கரில் போட்டு வாசலுக்கு வந்தால் தெருவில் ஒவ்வொரு தறியாக நிற்கும். பாட்டு முடிந்ததும் தெருவே கைதட்டும், அதற்குப் பிறகுதான் நைனா போனை வைப்பார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்த நாட்கள் அவை.

அந்த வருஷம்தான் நான் சித்தூரில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இண்டர்வியூ கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கிடைத்தால் வீட்டிலிருந்தே ரயிலில் போய் வரலாம். கிடைக்கவில்லை என்றால் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் போன வழிதான்: பெங்களூர்ப் பக்கம் கார்மெண்ட்ஸ், ஒரு அறையில் எட்டுப் பேர். அதற்கு ஏஜெண்டிடம்கூடப் பேசி வைத்தாகிவிட்டது. படித்த படிப்பை மறந்துவிட்டுக் காலர் தைக்கப் போக எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்தது நைனாவின் நம்பர். வீட்டில் வேறு போன் கிடையாது.

ஒருநாள் புத்தூர் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், வாசலில் கூட்டம். நைனா நடுவில் நின்று நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னிக்கி பொம்பள. முதல் தடவயா பொம்பள. என்னா மரியாத, என்னா மரியாத. வாய்க்கு வாய் காரு. ஏமா, பாட்டு பாடுனா விவரம் சொல்றேன்னேன். சிரிச்சிட்டு பாடிட்டா மா. ரெண்டு வரி. திருடிதான்னு சொல்லி வெச்சுட்டேன்."

நானும் சிரித்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இதுல உன் பேர வேற சொல்றா. நாளைக்கி பத்து மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட்டு எடுத்துக்கினு வரணுமாம். வர்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே ஓடி இண்டர்வியூ கடிதத்தை எடுத்து, போனில் வந்திருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தேன். அதே நம்பர். கூப்பிட்டேன். மணி ஆறைத் தாண்டிவிட்டது, யாரும் எடுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினேன், கைதட்டிய தெருவையும் சேர்த்து. நைனா கடிதத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நெசமான ஆபீசா இருந்தா ஏன் மா பாடுனா?" என்றார். நான் சர்டிபிகேட்டுகளை எடுத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் முதல் ரயில். நைனா வெளுத்த வேட்டியில் கூடவே வந்தார். ரேணிகுண்டாவுக்கு முன்னால் சிக்னல் இல்லாமல் ரயில் படுத்துக்கொண்டது. நான் நகத்தைக் கடித்தேன். அவர் சன்னலைப் பிடித்துக்கொண்டு, ரயிலைத் தள்ளலாமா என்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. அங்கேயும் அவர் நின்றுவிட்டார். "போர்டு யார் வேணும்னாலும் மாட்டலாம்மா" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் என் பெயரைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு நைனாவைப் பார்த்தார். பிறகு தெலுங்கில், "பாடினேனே, அப்புறமும் ஏன் வைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நைனா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். பெயரோடு காரு சேர்த்து, உட்காருங்கள் என்றார் மேடம். நைனா உட்காரவில்லை. மேடம் இரண்டாம் முறையும் சொன்னார். நைனா பின்னால் திரும்பி, வேறு யாரையாவது சொல்கிறாரா என்று பார்த்தார். மூன்றாம் முறை அந்த அம்மாள் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நைனா அதன் நுனியில், தறியில் உட்காருவதுபோல் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டியலில் எனக்கு அடுத்த பெண் பலமனேரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தாளாம். பத்து நிமிஷத்தில் பிழைத்தேன். சர்டிபிகேட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே மேடம் நைனாவிடம் சொன்னார்: விவரம் சொல்லாததில் தப்பே இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, கையில் இருக்கும் கடிதத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நைனா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஏன் பாடினீர்கள் என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவ்வளவு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது, பாடினால்தான் உன்னிடம் சேதி போய்ச் சேரும்போல இருந்தது என்றார்.

வெளியே வந்து இரண்டு பேரும் பைத்தியம் பிடித்ததுபோல் சிரித்தோம். பஸ் ஸ்டாண்டில் பூரி தின்றோம். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நைனா முழுக் கதையையும் பாட்டோடு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை இறக்கி என்னிடம் நீட்டினார். மேடம் சொன்னதை நான்காவது வரியாக எழுதச் சொன்னார். பழைய நான்காவது வரியை நீயே அடி நைனா என்றேன். பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தவர் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் முழுக்கச் சிரித்து வந்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"நான் எப்டி மா கண்டுபுடிப்பேன்?" என்றார். "இத்தினி வயசுல, திருடனத் தவிர வேற எவனும் எங்கிட்ட அப்டி பேசுனதில்லியே."