அசரியாவின் கல்லை நிமிர்த்திய வெல்டா

வெல்டா ப்ரூவிட் கல்லறைக் கல்லைக் கழுவும்போது வாய் ஓயாது. "கொஞ்சம் பொறுத்துக்கோ பாட்டா, காதுக்குப் பின்னாடிதான் அழுக்கு" என்று நூறு ஆண்டுக்கு முன் செத்தவரிடம் பேசிக்கொண்டே தண்ணீரை ஊற்றுவார். வாளி, மெத்தென்ற பிரஷ், பாசி சுரண்ட ஒரு மரக்குச்சி. கம்பி பிரஷோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் தொலைந்தார்கள். "அத உன் மூஞ்சில தேச்சுக்கோ!"

வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் டென்னசி மலைச்சரிவில் மாடுகளை வைத்துக்கொண்டு தனி ஆளாகச் சமாளிக்கிறார். கிடாரிகளுக்கெல்லாம் குடும்பத்து மூதாதைப் பெண்களின் பெயர். "ஏய் லுக்ரீஷியா, வேலியத் தாண்டுன, தோல உரிச்சிடுவேன்!" என்ற அதட்டல் காலையில் என் சமையலறை வரை கேட்கும். அடுத்த பண்ணைக்காரியான எனக்கு அவர்கள் குடும்ப வரலாறு மனப்பாடமானது இப்படித்தான்.

அந்த வரலாற்றின் கதாநாயகர் அசரியா ப்ரூவிட். சோளக்காட்டில் ஏரை அப்படியே விட்டுவிட்டு உள்நாட்டுப் போருக்குப் போன விவசாயி. அடிமை முறையைக் காக்க நாட்டை உடைத்துக்கொண்டு போன தெற்கின் படையில் அவர் இருந்தார் என்பது வெல்டா ஊருக்கெல்லாம் சொல்லிவந்த கதை. ஆதாரம்? அசரியாவின் கல் எப்போதோ மல்லாந்து விழுந்து, மேல்பாதியைத் தேவதாரு வேரும் மண்ணும் மூடிவிட்டன. பாசி அப்பிய மிச்சத்தில் படிக்க முடிந்தது 'டென்னசி காலாட்படை' மட்டும். டென்னசி தெற்கோடு சேர்ந்த மாநிலம். அப்புறம் என்ன யோசனை? எங்கள் மலைக்காரர்கள் நிறையப் பேர் எல்லை தாண்டிப் போய் வடக்குப் படையில் சேர்ந்ததும், இரண்டு தரப்பிலும் டென்னசி பெயரில் படைகள் இருந்ததும் வெல்டாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் கதை நன்றாக இருந்தது. சொல்கிறவருக்கு வாயும் நன்றாக இருந்தது.

அந்தக் கதையை முழுசாக நம்பியவர் தம்பி ஹார்லன். மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று, தெற்கின் கொடியை அசரியாவின் கல்லருகே நட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். அவருக்கு அதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

இந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கு முன்பே கல்லை நிமிர்த்திவிட வேண்டும் என்று வெல்டா என்னை டிராக்டரோடு கூப்பிட்டார். வேரை அறுத்து, சங்கிலி போட்டுத் தூக்கி நட்டோம். மண்ணைக் கழுவியதும் கல்லின் தலை வளைவாக வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கு வீரர்களுக்கு வைத்த கல் என்றால் தலை கூராக இருக்கும். வடக்கு வீரர்களுடையது வளைவு. முகத்தில் கேடயம் ஒன்று பள்ளமாகச் செதுக்கியிருக்கும். வெல்டா பிரஷ் போடப் போட, பாசிக்கு அடியிலிருந்து கேடயமும் வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

"கெழவா, இத்தன வருஷமா நான் ஒளறுனதக் கேட்டுக்கிட்டு சும்மாவா படுத்துக் கெடந்த?"

"ஹார்லன்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்றேன்.

"இருக்கறத."

"உங்ககூடப் பேச்சையே விட்டுருவாரு."

"அதுக்காக இவரத் திரும்பவும் படுக்கப் போடச் சொல்றியா?"

வாய்தான் அப்படி. வெல்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது ஹார்லன் ஒருவர்தான். அந்த வாரம் முழுக்க லுக்ரீஷியாவுக்குத் திட்டே விழவில்லை.

ஞாயிறன்று கல்லறைத் தோட்டத்து நீள மேசைகளில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் பரப்பியிருந்தது. ப்ரூவிட் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. கையில் கொடியோடு வந்த ஹார்லன் கல்லைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு இந்தக் கல்ல மாத்துனது?"

"மாத்தலடா, நிமித்தி வெச்சேன்." வெல்டா மேசைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. பாட்டா வடக்குப் படைக்காரரு. நான் இவ்வளவு காலமும் சொன்னது தப்பு. தப்பு என்னோடது, இவனோடது இல்ல. இவனக் கேலி பண்றவன் எவனும் என் கோழில கை வெக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் கல்லின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன நம்பித்தானேக்கா வருஷா வருஷம் கொடி நட்டேன்?" என்றார்.

"ஆமாண்டா. நாந்தான் ஒன்ன ஏமாத்திட்டேன்."

வெல்டா அவர் கையிலிருந்த கொடியை வாங்கி, சுருட்டித் தன் பைக்குள் வைத்தார். ஹார்லன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், கால் நகரவில்லை. வெல்டா, வடக்கு வீரர்களுக்கு நடும் அமெரிக்க நாட்டுக் கொடி ஒன்றை எடுத்துக்கொண்டு நெருங்கிப் போனார். தம்பியின் வலது கையைப் பைக்குள்ளிருந்து வெளியே இழுத்து, கொடிக்கம்பை உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.