கறுப்புத் தாளுக்குள் வளர்ந்த துகள்கள்

சோடியம் சல்பைடு குப்பியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அப்படியே சுடிதாரில் ஏறிவிடும். களியக்காவிளை பஸ்ஸில் மீன்கூடைக்காரம்மா கூட எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்... அப்படி ஒரு மூன்று வருடம்.

எங்களை என்றால் என்னையும் ஜெபாவையும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில், ஒரே சாரிடம் பிஎச்.டி. செய்தோம். நான் அஞ்சுகிராமம், அவள் மார்த்தாண்டம் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே நோட்டு.

வேலை இதுதான். ஹெப்டேனில் சோப்பு மாதிரி ஒரு பொருளைக் கரைத்து, துளியூண்டு தண்ணீர் விட்டால், அது கண்ணுக்குத் தெரியாத குட்டித் துளிகளாகப் பிரிந்து நிற்கும். ரிவர்ஸ் மைசெல் என்று பெயர். ஒரு குடுவைத் துளிகளில் காட்மியம் உப்பு, இன்னொன்றில் சல்பைடு. இரண்டையும் கலந்தால் அந்தத் துளிக்குள்ளேயே காட்மியம் சல்பைடு நானோ துகள் பிறக்கும். தண்ணீர் குறைந்தால் துளி சிறிது, துகளும் சிறிது. அது எந்த ஒளியை விழுங்குகிறது என்று பார்த்து அளவைச் சொல்லிவிடலாம்.

அதைப் பார்க்கிற கருவி எங்கள் துறையில் பழுதாகிக் கிடந்தது. அதனால் காலையில் சாம்பிள் செய்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் சுற்றி, டிபன் பாத்திரத்தில் அடைத்து, திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவோம். களியக்காவிளையில் பஸ் மாறி, போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். அங்கே கருவி இயக்குபவரிடம் குப்பியைத் தாளோடு கொடுத்துவிட்டு, அளவை மட்டும் வாங்கி வருவோம். நோட்டில் மட்டும் ‘புதிதாகத் தயாரித்த சாம்பிள்’ என்று எழுதுவோம்.

காலையில் செய்ததுதானே... புதிது இல்லாமல் என்ன?

மூன்றாம் வருடம் ஒரு கொடும் வெயிலில் பஸ் களியக்காவிளைக்கு முன்னால் நகராமல் நின்றது. ஜெபா கை சும்மா இராமல் ஒரு குப்பியின் தாளைப் பிரித்தாள்.

“ஏட்டி, இங்க பாரு. காலைல கலக்கும்போ நெறமே இல்லாமத்தானே இருந்து? இப்போ நல்ல மஞ்சளா கெடக்கு!”

மஞ்சள் ஏறினால் துகள் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்; வழியிலேயே அவை வளர்ந்துகொண்டிருந்தன. மூன்று வருடமாக நாங்கள் அளந்தது பஸ்ஸின் சூட்டையும் தாமதத்தையும்தான். எங்கள் இருவர் தீசிஸும் அந்த அளவுகளின் மேல்தான் நின்றது. ஒரு கட்டுரைகூட அச்சாகிவிட்டது.

“சாருட்ட சொல்லணும்” என்றாள்.

“உனக்கு கிறுக்கா மக்கா? தீசிஸ் குடுக்க ஆறு மாசம்கூட இல்ல. பேசாம இரி.”

அவள் சொல்லிவிட்டாள். சார் என்னையும் அறைக்குக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே கேட்டார். “நீயும் பாத்தியாம்மா? நெறம் மாறிச்சா?”

“நான் கவனிக்கல சார்” என்றேன்.

“ஒருத்தி மட்டும் பாத்தேன்னு சொல்லதுக்காக நான் பேப்பர வாபஸ் வாங்கணுமா?” என்றார் சார். அதோடு முடிந்தது. ஜெபா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தொடங்கினாள், தனியாக. முடிப்பதற்குள் பதிவுக் காலம் முடிந்து, பட்டம் இல்லாமல் போய்விட்டாள். வளைகுடாவில் எங்கோ ஒரு பள்ளிக்கூட லேபில் இருக்கிறாள் என்று கேள்வி. நான் அந்த அளவுகளை வைத்தே டாக்டர் ஆனேன்.

போன வாரம் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்த லேப் போட்டோவைப் போட்டு ‘பொற்காலம்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு லைக் போடக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது நான் பாடம் நடத்தும் துறையில் புதுக் கருவி இருக்கிறது. சாம்பிள் கலந்த இடத்திலிருந்து நாலு எட்டு. எந்தப் பிள்ளையும் டிபன் பாத்திரத்தோடு பஸ் ஏற வேண்டாம்... சுகமான காலம்தான்.

முந்தாநாள் வடக்கே எங்கோ ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தாள். ‘மேடம், உங்கள் கட்டுரையில் உள்ள அளவுகள் எனக்கு வரவே இல்லை. பல மாதமாக முயற்சி செய்கிறேன். என்னிடம்தான் தவறு என்கிறார் கைடு.’

நாலு தடவை பதில் எழுதி அழித்தேன். கடைசியில், ‘தண்ணீர் அளவைச் சரிபார்த்து மறுபடி செய்து பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலை பதில் வந்தது. முதலிலிருந்து தொடங்கிவிட்டாளாம்.

ரொம்ப நன்றி மேடம் என்று எழுதியிருக்கிறாள்.