என் வீட்டுக்காரரோட வாய்

என் வீட்டுக்காரர் ஹேமநாதன் இருபத்தாறு வருஷம் தம்போயில பேக்டரி பஸ் ஓட்டினவர். பஸ் நின்னாலும் அவர் வாய் நிக்காது. காலையில ஆறு மணிக்கு ஏறுற பொண்ணுங்க கொஞ்சம் கண்ணசரலாம்னு பாத்தா விடமாட்டார், யார் வீட்ல நேத்து என்ன குழம்புனு விசாரிச்சுக்கிட்டே போவார். கல்யாணமான புதுசுல, இந்த மனுஷன் ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதானு நான் சாமிகிட்ட வேண்டியிருக்கேன். அதை நினைச்சா இப்ப என் வாயில நானே அடிச்சுக்கணும் போல இருக்கு.

நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வர்ற வியாதி. முதல்ல வலது கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு. மூணு வருஷத்துல கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையல. கண்ணு மட்டும் பழைய ஹேமநாதன்தான். பேச்சு குழற ஆரம்பிச்சப்பவே ஒரு நர்ஸ் சொன்னாங்க, குரல் இருக்கும்போதே பதிஞ்சு வச்சுக்குங்கனு. கார் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உள்ள உக்காந்து இருநூறு வாக்கியத்துக்கு மேல பதிஞ்சார். தண்ணி குடு, முதுகு அரிக்குது, இதெல்லாம் சரி. "ராணி, சீரியல நிறுத்திட்டு இங்க வா"னும் ஒண்ணு பதிஞ்சிருக்கார். இது எதுக்குனு சண்டை போட்டேன். அதுதான் அடிக்கடி தேவைப்படும்னார்.

எங்க ஒரே மக லோஷினி சிங்கப்பூர்ல வேலை செய்யறா. விடியறதுக்கு முன்ன எல்லைப் பாலம் தாண்டிப் போனா இருட்டினப்புறம்தான் வருவா. அவதான் அந்த லேப்டாப்பும் அதுக்குக் கீழ ஒட்டுற கேமராவும் வாங்கிக் குடுத்தா. ஸ்கிரீன் பூரா கட்டம் கட்டமா இருக்கும். ஒரு கட்டத்தை அவர் ரெண்டு செகண்டு உத்துப் பாத்தா, அதுல இருக்கிற வாக்கியம் அவரோட பழைய குரல்ல வரும். முதல் நாள் அந்தக் குரலக் கேட்டுட்டு நான் குசினியில அடுப்புப் பக்கத்துல போயி உக்காந்து அழுதேன்.

கண்ண மேல தூக்கினா ஆமா, மூடினா இல்லனு ஒரு வழிய டாக்டர் சொல்லிக்குடுத்தாங்க. மாட்டவே மாட்டேன்னுட்டார். "இந்த வயசுல கண்ணடிச்சுப் பேசினா ராணி உதைப்பா"னு எழுத்து எழுத்தாப் பாத்துப் பாத்து அரைமணி நேரமா எழுதிக் காட்டினார். அவ்வளவு வீம்பு. பேசினா தன் குரல்ல பேசணும், இல்லாட்டி பேச வேணாம்.

வீட்டுக்கு வந்து பாக்கிற டாக்டர் ஒரு மலாய்க்காரப் பொண்ணு, பொறுமைசாலி. போன தடவை வந்தப்ப நாற்காலிய அவர் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்து மெதுவா சொன்னாங்க. மூச்சு குறைஞ்சுக்கிட்டே வருது, மூச்சுக்கு மாட்டுற மாஸ்க் இனி ரொம்ப நாளைக்குத் தாங்காது. தொண்டையில ஓட்டை போட்டு குழாய் வச்சா மெஷின் மூச்சு விடும், இன்னும் சில வருஷம் இருக்கலாம், ஆனா அந்த மெஷின விட்டு அப்புறம் வர முடியாது. வேணாம்னா வலியில்லாம பாத்துக்குவோம், சில மாசம்தான். இதை அங்கிள்தான் சொல்லணும், ஆன்டியோ மகளோ சொல்லக் கூடாது, ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை வர்றேன்னாங்க. அவர் "யோசிக்கிறேன்"ங்கிற கட்டத்தைப் பாத்தார்.

நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்க பயம். துணி துவைக்கிறேன், தரைய துடைக்கிறேன்னு சுத்திச் சுத்தி வந்தேன்.

அந்த சனிக்கிழமை லேப்டாப்ல ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. பயோஸ் அப்டேட்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. பயோஸ்னா மெஷின எழுப்பிவிடுற அடி புரோகிராமாம், அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அவரோட கட்டங்களுக்கு நடுவுல நந்தி மாதிரி உக்காந்துக்கிச்சு. அதைத் தள்ளிவிடாம அவர் எதையும் பாக்கவும் முடியாது, பேசவும் முடியாது. எதையும் அமுக்காதீங்கம்மானு லோஷினி ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. அவ பேக்டரி லைன்ல வேலையா நிக்கிறா, போன் எடுக்க முடியாது. மூணு தடவை அப்புறம்னு அமுக்கினேன், மூணு தடவையும் திரும்பி வந்துச்சு. நாலாவது தடவை எரிச்சல்ல சரினு அமுக்கித் தொலைச்சேன். இந்தக் கைதான்.

இருபது நிமிஷம் கருப்பா கிடந்து திரும்ப எந்திரிச்சுச்சு. அதோட சரி. அவர் பாக்கிறார், கட்டத்து மேல இருக்க வேண்டிய புள்ளி இழுத்து இழுத்து வருது, வந்து சேர்றதுக்குள்ள வேற எங்கேயோ தாவுது. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் உத்துப் பாத்தா, அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ கழிச்சு குரல் வரும். ஒரு நாள் நான் முதுகத் தேச்சு விட்டு, சட்டை மாத்தி, துணியக் காயப்போட்டுட்டு வர்றேன், அப்பதான் முதுகு அரிக்குதுங்குது. லோஷினி என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

கடைத்தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிற ரூபேந்திரன கூப்பிட்டேன். நல்ல பிள்ளை. கடைய மூடிட்டு மூணு நாள் தொடர்ந்து வந்துச்சு. எந்த வேலை மெஷின இழுக்குதுனு பாத்தா ஒண்ணுமே இழுக்கல, மெஷின்தான் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே பிடிச்சு வச்சிருக்குனு சொல்லுச்சு. பஸ்ஸு முதல் கியர்லயே மாட்டிக்கிட்ட மாதிரினு நான் கேட்டேன், அதேதான் அக்கானுச்சு. கேமரா புரோகிராம அழிச்சுட்டு திரும்பப் போட்டுச்சு. உள்ள திறந்து தூசி தட்டி, சூடு தணிக்கிற பசை மாத்தி, மெமரி கூட்டிப் பாத்துச்சு. பேட்டரியக் கழட்டிட்டுப் பாத்துச்சு. பயோஸுக்குள்ள போயி எல்லாத்தையும் ஆரம்ப நிலைக்கு வச்சுச்சு. பழைய பயோஸுக்கே திரும்பலாம்னா, புதுசு வந்தப்புறம் பழச உள்ள விடமாட்டேங்குதாம். தன்னோட சொந்த லேப்டாப்ப தூக்கிக்கிட்டு வந்து கேமராவ அதுல மாட்டிப் பாத்துச்சு. அந்தக் கேமரா புரோகிராமுக்கு லைசென்ஸ் இந்த ஒரு மெஷினுக்குத்தானாம், மாத்தணும்னா வெளிநாட்டுக்கு ஈமெயில் போடணும். போட்டோம். பதில் வருதா வருதானு லோஷினி போனையே பாத்துக்கிட்டு இருந்தா, வரல.

லேப்டாப் கம்பெனிக்கு நானே போன் பண்ணேன். அனுப்பி வைங்க, பதினாலு வேலை நாள் ஆகும்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. உன் வாயக் கழட்டி பதினாலு நாளைக்கு எங்கிட்ட அனுப்பி வைம்மா, அப்புறம் நான் இதை அனுப்புறேன்னேன். சாரி மேடம்னுச்சு. பாவம், அது என்ன பண்ணும்.

டாக்டர் வர்றதுக்கு முதல் நாள், புதன்கிழமை, ரூபேந்திரன் ஸ்க்ரூவ எல்லாம் திருப்பி மாட்டிட்டு, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் அக்கா, மன்னிச்சுக்குங்கனு சொல்லிட்டுப் போயிருச்சு.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வந்தாங்க. லோஷினிக்கு லீவு கிடைக்கல. நானும் அவரும்தான். எப்பவும் போல அவர் தமிழ்ல பேசுவார், நான் மலாய்ல சொல்லணும். டாக்டர் மலாய்ல கேட்டாங்க, பஸ் ஓட்டினவருக்கு அது நல்லாவே புரியும். "அங்கிள், குழாய் வைக்கலாமா?" அவர் கண்ணு ஸ்கிரீனுக்குப் போச்சு. புள்ளி தாவுது, நிக்குது, தாவுது. பத்து நிமிஷம் ஆச்சு. டாக்டர் பொறுமையா உக்காந்திருந்தாங்க. பதினஞ்சு ஆச்சு. ஆமானா கண்ண மேல தூக்குங்க, இல்லனா மூடுங்கனு கெஞ்சினாங்க. அவர் ஸ்கிரீன விட்டு கண்ண எடுக்கல. நெத்தியில நரம்பு புடைச்சுக்கிச்சு.

கடைசியில டாக்டர் என் பக்கம் திரும்பி, ஆன்டிகிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காரானு கேட்டாங்க.

"சொன்னார். வைக்கச் சொன்னார்"னேன்.

அப்படியொரு பொய் என் வாயில எங்க இருந்துச்சுனு எனக்குத் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டர் சரியாகி அவர் நல்லா பேசினா என்ன சொல்லுவார்னு எனக்கு ரெண்டு வாரமா தெரியும். இவர் இல்லாம நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச நியாயம். டாக்டர் தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க.

அப்ப கம்ப்யூட்டர் பேசுச்சு. நல்லா கணீர்னு, பஸ் ஓட்டின காலத்துக் குரல்.

"வேணாம்."

டாக்டர் பேனாவ நிறுத்தி நிமிர்ந்தாங்க. "அங்கிள் என்ன சொல்றார்?"

அவர் என்னைப் பாத்தார். நான் தலைக்கு மேல சுத்திக்கிட்டிருந்த காத்தாடியப் பாத்தேன்.

"காத்தாடி வேணாமாம் டாக்டர். குளிருதாம்."

டாக்டர் அவரைப் பாத்து சிரிச்சாங்க. நீங்க உக்காருங்க ஆன்டினு சொல்லிட்டு தானே எந்திரிச்சுப் போயி சுவிட்ச அணைச்சாங்க. திரும்பி வந்து மிச்சத்தை எழுதினாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடுவாங்க, என்னென்ன எடுத்துட்டு வரணும்னு ஒவ்வொண்ணா எங்கிட்ட விளக்கினாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். காத்தே இல்லாத அந்த ரூம்ல அவர் நெத்தியில வேர்வை முத்து முத்தா வந்து கண்ணுக்குள்ள இறங்குச்சு. அவரால அதைத் துடைக்க முடியாது. கண்ண மூடாம என்னையே பாத்துக்கிட்டிருந்தார். நான் முந்தானையால துடைச்சு விட்டேன், திரும்பவும் வந்துச்சு.