முன்னோடி ஆட்டை இழுத்துச் சென்றவள்

என் தங்கை ஸ்டெயின்வோரைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். மந்தையைக் காப்பாற்றியவள் என்பார்கள் சிலர். மோரா என்ற ஆட்டைக் கெடுத்தவள் என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் ஒரே நாள் காரியத்தைப் பற்றிய பேச்சு. அன்று நானும் கூட இருந்தேன். அதனால் வரிசை தவறாமல் சொல்கிறேன்.

எங்கள் பண்ணை ஐஸ்லாந்தின் தென்கிழக்கில், மலையிலிருந்து பனியாறு இறங்கி முடியும் இடத்தில் இருக்கிறது. வீட்டுப் புல்வெளியில் தொழுவம் அளவுக்கு ஒரு பாறை கிடக்கிறது. அது அங்கே பிறந்த பாறை அல்ல. மேலே மலைக்குள்ளிருந்து பனி சுமந்துவந்து இறக்கிவிட்டுப் போனது. அதன் ஒரு பக்கம் முழுக்க, ரம்பத்தால் இழுத்தது போலக் கீறல்கள். பனிக்கு அடியில் சிக்கிய கற்கள் போட்டவை. சின்ன வயதில் ஸ்டெயின்வோர் அந்தக் கீறல்களில் விரலை ஓட்டி, பனி எந்தத் திசையில் போயிருக்கும் என்று பார்ப்பாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது மழைக்கு ஒதுங்கும் பாறை, அவ்வளவுதான்.

பனியாற்றுக்கு அப்பால், நாலாபுறமும் பனி சூழ ஒரு மலை நிற்கிறது. தீவுமலை என்போம். அங்கே மேய்ந்த ஆட்டின் கறிக்குத் தனி ருசி. வசந்தத்தில் ஆடுகளைப் பனிமேல் நடத்திக் கொண்டுபோய் விடுவோம். செப்டம்பரில் திரும்ப ஓட்டி வருவோம். எங்கள் அப்பா காலத்தில் பனியும் கரையும் ஒரே மட்டம். புல்லில் வைத்த காலை எடுத்துப் பனியில் வைக்கலாம். பிறகு பனி இளைத்துக்கொண்டே போனது. அது பின்வாங்கியபோது, சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் கரையோரம் கோட்டைச்சுவர் மாதிரி குவித்துவிட்டுப் போனது. சுவருக்கும் பனிக்கும் நடுவே, பனி தன் பாரத்தால் தோண்டியிருந்த பள்ளம் ஏரியானது. மேற்கு ஓரத்தில் ஒரு சரளைமேடு மட்டும் மிச்சம். எங்கள் வழி அதன்மேல்தான். கிழக்குக் கோடியில் பனி இன்னும் சுவரைத் தொட்டது, ஆனால் அங்கே சுவர் செங்குத்து.

மோரா எங்கள் முன்னோடி ஆடு, மந்தைக்கு முன்னால் நடந்து வழிகாட்டுவது. நெட்டைக்கால், பழுப்பு நிறம், அளந்து பார்க்கும் கண். இந்த வகை ஆட்டைக் கறிக்காக யாரும் வளர்ப்பதில்லை. அறிவுக்காக வளர்க்கிறோம். காலையில் அது கொட்டகையை விட்டு வர மறுத்தால் அன்று புயல். மூடுபனியில் அதன் பின்னால் நாம் போக வேண்டும்; அதற்கு நாம் வழி சொல்லக் கூடாது. ஒருமுறை அதன் மனதுக்கு விரோதமாக இழுத்துவிட்டால், அப்புறம் சாகும்வரை அது முன்னால் நடக்காது என்பார்கள். மோரா தாயில்லாக் குட்டி. ஸ்டெயின்வோர்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்.

அந்த செப்டம்பரில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பண்ணை சிக்வால்டியும் போனோம். இரு வீட்டு ஆடுகளும் ஒரே மந்தை. திரும்பும்போது பாதிப் பனியாற்றில் பனிமழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. மோரா தயங்காமல் நடந்தது. சரளைமேட்டின் தொடக்கத்தில் ஸ்டெயின்வோர் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்தச் சரளை ஈரமா இருக்கு."

"மழை பெய்யுதுல்ல? காஞ்சா கெடக்கும்?" என்றார் சிக்வால்டி.

"மேல விழுந்த ஈரம் இல்லீங்க. அடியிலேருந்து சேறா ஊறுது. இந்தக் கல்லு வசந்தத்துல நிமிர்ந்து நின்னுச்சு, இப்பப் பாருங்க, சாஞ்சு கெடக்கு. இது தரை இல்ல. சரளைக்குக் கீழே பழைய பனி இருக்கு. அது உருகிக்கிட்டு இருக்கு."

நான் குனிந்து காதை வைத்தேன். கீழே எங்கோ தண்ணீர் ஓடியது.

"கிழக்கால சுத்தி, சுவரேறிப் போயிடலாம்," என்றாள்.

"அந்தச் சுவத்தையா?" என்றார் சிக்வால்டி. "ஏறி முடிக்கறதுக்குள்ள பாதி மந்தை செத்துரும். மோரா போறா பாரு, ஒரு யோசனை இல்லாம. அவளுக்கே வழி சொல்லப்போறியா? நல்லாயிருக்கும்மா! ஞாயித்துக்கிழமை பாதிரியாருக்கும் ஜெபம் சொல்லிக்குடு."

மோரா மேட்டில் கால் வைத்துவிட்டது. ஸ்டெயின்வோர் ஓடிப்போய்க் கொம்பைப் பிடித்தாள். திருப்பினாள். அது விலகி மறுபடி மேட்டுக்கே போனது. மறுபடி பிடித்தாள். இந்த முறை மோரா படுத்துக்கொண்டது. எழுப்ப முடியவில்லை.

"எழுந்திருடி. என் கண்ணுல்ல. எழுந்திரு, சனியனே!"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். கயிற்றைக் கொம்பில் முடிந்து, தோளில் போட்டு இழுக்கத் தொடங்கினாள். மோரா கத்திய கத்தலை நான் அதுவரை கேட்டதில்லை. அந்தக் குரலைத் தேடி மந்தை கிழக்கே திரும்பியது. நான் பின்னாலிருந்து விரட்டினேன்.

சிக்வால்டியின் சில ஆடுகள் மட்டும் குட்டிகளோடு மேட்டில் முன்னேறியிருந்தன. "என் ஆடு போகுதே!" என்று அவர் பின்னால் ஓடினார். பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. விரல் பட்ட மாவு போல மேடு மெல்ல அமுங்கியது. ஆடுகள் சரளையோடு பழுப்புத் தண்ணீருக்குள் வழுக்கிப் போயின. சிக்வால்டி இடுப்புவரை சேற்றில் புதைந்தார். நான் வயிற்றால் ஊர்ந்துபோய்த் தடியை நீட்டி இழுத்தேன்.

சுவரேறி வீடு சேர்ந்தோம். ஈரத்துணியை மாற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த மீனும் வெண்ணெயும் மேசையில் அப்படியே இருந்தன.

"நீ இழுத்ததாலதான் என் ஆடுங்க மிரண்டு சிதறுச்சு," என்றார் சிக்வால்டி. "மோரா முன்னால போயிருந்தா ஓரமா வழி கண்டுபிடிச்சிருப்பா."

இன்றுவரை அவர் அதையே சொல்கிறார். பொய் என்று நிரூபிக்க மேடு இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க மோரா கொட்டகையிலிருந்து கடைசி ஆடாகத்தான் வெளியே வந்தது. மற்ற ஆடுகள் போகும்வரை சுவரைப் பார்த்து நிற்கும். ஸ்டெயின்வோர் ரொட்டியை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். ஆனால் பின்னால் வராது.

"மோரா அந்த மேட்டைத் தாண்டியிருப்பாளோ, அண்ணே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சேத்தை நீதானே முதல்ல பாத்த?"

"நான் சேத்தைப் பாத்தேன். அவ எதப் பாத்தான்னு எனக்குத் தெரியாதே."

என் தங்கை பார்த்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது போதவில்லை.

வசந்தம் வந்தபோது ஏரி மேற்குக் கரைவரை நிறைந்திருந்தது. கிழக்கிலும் பனி கரையை விட்டு விலகியிருந்தது. தீவுமலையில் புல் பச்சை பிடிப்பது எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ஆடுகளைத் திறந்துவிடும் நேரம். ஸ்டெயின்வோர் கொட்டகை வாசலில் நின்று காற்றை முகர்ந்தாள். மலைமேல் மேகத்தைப் பார்த்தாள். திரும்பி மோராவைப் பார்த்தாள். அது கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. கதவை அவளே சாத்தித் தாழிட்டாள்.

அன்று புயல் வரவில்லை. நாள் முழுக்க வெயில். பசித்த ஆடுகள் உள்ளே கத்திக்கொண்டிருந்தன. சிக்வால்டி வேலியோரமாகப் போனவர் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையும் அவள் போய் வாசலில் நின்று காற்றை முகர்ந்தாள்.