சில்வர் பேனா புகுந்த கோட்டை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கோட்டை இடிந்தது. இடித்தவர் என் வீட்டுக்காரர். கையில் கடப்பாரையெல்லாம் இல்லை… ஒரே ஒரு சில்வர் பேனா.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் பெனிட்டா ஐந்தாவது படிக்கிறாள். அவளுடைய உயிர்த்தோழி ஆயிஷா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஷூ எக்ஸ்போர்ட் வேலையாக வெளிநாடு போன ஆயிஷாவின் மாமா, பிறந்தநாள் பரிசாக அவளுக்கு ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கி வந்தார். சொந்த அண்ணனைக்கூட அவள் அதைத் தொட விட்டதில்லை. பெனிட்டாவுக்கு மட்டும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தாள். மூலையை மடிக்கக் கூடாது, மிக்சர் தின்ற கையோடு தொடக் கூடாது என்று ஏகப்பட்ட கண்டிஷன்!

அது வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை. நாமேதான் ஹீரோ. பல தலைமுறையாக ஒரே குடும்பம் வாழ்கிற பழைய கோட்டைக்கு விருந்தாளியாகப் போகிறோம். சாப்பாட்டு நேரத்தில் அடிக்கும் அவர்கள் வீட்டுப் பித்தளை மணியைக் காணோம். எடுத்தது யார்? மாடிக்குப் போக வேண்டுமா, இந்தப் பக்கத்தைத் திருப்பு. சமையலறைக் கதவைத் திறக்க வேண்டுமா, அந்தப் பக்கத்தைத் திருப்பு. தப்பான கதவைத் திறந்தால் கதை முடிந்தது. மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"கோட்டைன்னா நம்ம வேலூர் கோட்டை மாதிரியா பாப்பா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதுல யார்ப்பா குடியிருக்காங்க? இது வீடுப்பா. ஃபேமிலி இருக்கு. பெரிய பெரிய போட்டோ மாட்டி வெச்சிருக்காங்க."

வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே அமர்க்களம்தான். பெனிட்டா வாசித்துத் தமிழில் சொல்வாள், நாங்கள் கதவைத் தேர்ந்தெடுப்போம். கிணற்றுக்குள் விழுவாள். இரும்புச் சட்டை போட்டு நிற்கும் கவச உருவத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாள். "போச்சுடா!" என்று ஒரு கத்தல்… உடனே மறுபடி முதல் பக்கம். மணி மட்டும் கிடைக்கவே இல்லை.

எனக்கு அந்தக் கத்தலில் சந்தோஷம் கேட்டது. அவள் அப்பாவுக்கு? அழுகை கேட்டிருக்கிறது!

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் ஜெயசீலன். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். தோலை மேஜையில் விரித்ததும், வெட்டுவதற்கு முன்னால் கண்ணால் துழாவுவார்கள். முள் கீறலா, உண்ணி கடித்த தடமா… சில்வர் பேனாவால் ஒரு வட்டம். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ரப்பரால் தேய்த்தால் கோடு காணாமல் போய்விடும். இவருக்கு இதுதான் தொழில், இதுதான் குணமும். ஹோட்டலில் தோசை வந்தால்கூட முதலில் கருகின இடத்தைத்தான் பார்ப்பார். பொண்ணு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டு தெரு தள்ளியிருக்கிற ஆயிஷா வீட்டுக்குத் தனியாக அனுப்ப மாட்டார். "லாரி வரும், நாய் இருக்கு, மூலையில பள்ளம் இருக்கு" என்பார். கொண்டுபோய் விட்டு, போய்க் கூட்டி வருவார்.

சனிக்கிழமை மதியம் அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போயிருந்தோம். மனிதர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, புத்தகத்தை மேஜையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்து, இட்லி சாப்பிட்டு, பெனிட்டா புத்தகத்தைத் திறந்தாள். திறந்தவள் படபடவென்று பக்கங்களைப் புரட்டினாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பளபளவென்று வெள்ளி வட்டம்!

"இன்னாப்பா இது?"

"ரிஜெக்ட் பாப்பா!" என்றார் பெருமையாக. "எங்கெங்க கதை முடியுதோ, அந்த எடத்தையும் அங்க போற கதவையும் மார்க் பண்ணிட்டேன். இனிமே நீ எங்கியும் விழ மாட்டே. வட்டம் இல்லாத கதவா பாத்துப் போ."

என் பெண் ஓவென்று அழுதாள்.

"இது ஆயிஷா புக்குப்பா! மூலையே மடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தா. இனிமே அவ எங்கிட்ட பேசவே மாட்டா!"

"ஏன் அழுவுறே? தேய்ச்சா போய்டும்டா கண்ணு. தோல்ல போவுதே…"

தோலில் போகும். காகிதத்தில்? ரப்பர் தேய்த்தார், ஈயம் பூசின மாதிரி பரவியது. நான் என் பங்குக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன், எண்ணெய்க் கறையும் சேர்ந்துகொண்டது. மனுஷன் முகம் தொங்கிப் போய்விட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு தோலை வீணாக்கினதில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்! எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

புதுசு வாங்கிக் கொடுக்கலாம் என்றால் ஆம்பூரில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. சாயங்காலம் மூன்று பேரும் கிளம்பினோம்.

ஆயிஷாவின் அம்மா பர்வீன் அக்கா வாசலிலேயே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறினார். என் வீட்டுக்காரர் புத்தகத்தை இரண்டு கையாலும் ஆயிஷாவிடம் நீட்டினார்.

"தப்பு என்னுதும்மா. பாப்பா மேல கோச்சுக்காதே."

ஆயிஷா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எண்ணெய்க் கறை பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பெனிட்டா என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பர்வீன் அக்கா வைத்த டீயை யாரும் தொடவில்லை.

"அங்கிள், மொத்த புக்கும் படிச்சிட்டீங்களா?"

"ஒரு பக்கம் விடல."

"அப்ப மணி எங்க இருக்கு?"

இவர் முழித்தார். "மணியா… அதப் பாக்கலையேம்மா. டேமேஜ் எங்க இருக்குன்னுதான் பாத்தேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழந்தை சிரித்த சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாசமாக மணியைத் தேடுகிறாளாம், அவளுக்கும் கிடைக்கவில்லையாம். "வா பென்னி, வட்டம் இல்லாத கதவாவே போய்ப் பாக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

போனார்கள். சாப்பாட்டு ஹால், அங்கிருந்து தோட்டம், அங்கிருந்து புத்தக அறை… மறுபடி சாப்பாட்டு ஹால்! செக்கு மாடு மாதிரி அதே சுற்று. அடிபடவில்லை, மாட்டிக்கொள்ளவில்லை. மணியும் வரவில்லை.

"அப்ப மணி வட்டத்துக்குள்ளதான் இருக்கணும்" என்றாள் பெனிட்டா.

வட்டம் போட்ட ஒவ்வொரு கதவாகத் திறந்தார்கள். கிணறு, நிஜமாகவே கதை முடிந்தது. கவச உருவம், முடிந்தது. நிலவறைப் படிக்கட்டு… 'படி உடைகிறது, நீ விழுகிறாய்' என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே வட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறார். டேமேஜைப் பார்த்தாயிற்று, அதற்கு மேல் எதற்குப் படிப்பது? ஆனால் அதே பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'வைக்கோல் மேல் விழுந்ததால் அடிபடவில்லை. எழுந்து உள்ளே நட.'

நடந்தார்கள். வைக்கோலுக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த மணி அடித்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டுமே, அதனால் ஒளித்து வைத்ததாம்!

இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள் வட்டம் போடலேன்னா கண்டே புடிச்சிருக்க மாட்டோம் மம்மி" என்றாள் ஆயிஷா. புத்தகத்தை அவள் வைத்துக்கொள்ளவும் இல்லை. "இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கோ பென்னி" என்றாள். ஆறிப்போன டீயை நாங்கள் சந்தோஷமாகக் குடித்தோம்.

பிள்ளைகள் போகிற வழியில் எல்லாருமே ஏதோ ஒரு பேனாவோடுதான் உட்கார்ந்திருக்கிறோம், இல்லையா? நானும்தான். விழுகிற இடம் நம் கண்ணில் பட்டுவிடுகிறது. அடியில் இருக்கிற வரியைப் படிக்க நமக்குப் பொறுமை இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆயிஷா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன், நானே போறேன்" என்றாள். ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த அப்பா உடனே எழுந்தார். "லாரி வரும் பாப்பா, மூலையில அந்தப் பள்ளம்…"

அவள் அவர் சட்டைப் பையிலிருந்து சில்வர் பேனாவை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இந்தாப்பா. எங்கெங்க டேஞ்சரோ வட்டம் போட்டுக்கோ. நான் பாத்துப் போறேன்."

போயும் விட்டாள். அவர் கேட் அருகில் நின்று, அவள் பள்ளத்தை ஒதுங்கிக் கடந்து, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே வந்து, "டீ போடு" என்றார்.

கேட்டை மட்டும், அவள் திரும்பி வரும்வரை மூடவே இல்லை!