டிராக்டர் அச்சும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பழைய டிராக்டர் மீது இருக்கும் பக்தி கோயில் சாமி மீதுகூடக் கிடையாது. மாலையானால் வவுணதீவுக் கரையில் அதைக் கடலோடு சேர்ந்த மட்டக்களப்பு வாவிக்குள் இறக்கிக் குளிப்பாட்டுவார். "உப்புத் தண்ணி இரும்பைத் தின்னும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "எல்லாரும் இறக்கிறாங்கள்தானே" என்பார். உண்மைதான், ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான். வெயில் காலத்தில் வாவி உப்பாகக் கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இறக்குவார்கள், மினுக்கம் முக்கியமல்லவா!

உப்பு தன் வேலையைக் காட்டியது. டிராக்டரின் முன் அச்சு நடுவிலே அச்சாணி மாதிரி ஒரு தடித்த இரும்புப் பின்னில் தொங்குகிறது. அதில் அச்சு அப்படியும் இப்படியும் ஆடினால்தான் மேடு பள்ளத்தில் இரண்டு முன்சில்லும் நிலத்தில் பதியும். அந்தப் பின் துருவேறி இறுகிவிட்டது. ஒருநாள் வரம்பில் ஏறியபோது ஒரு சில்லு அந்தரத்தில் நின்றது. டிராக்டர் அவர்மேல் குடைசாயாதது என் தாலிப் பாக்கியம்.

அது மாரிக்கு முந்திய நேரம். எங்கள் பக்கம் மழை விழுமுன் காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை முந்தினால் எங்கள் பள்ளக் காணி சேறாகிவிடும், பிறகு அந்தப் போகத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஊர் வயல்வெளியில் இருக்கும் அந்த வட்டைக் காணி என் சீதனம், அம்மா எனக்கென்று எழுதித் தந்தது. மேகம் கறுக்கக் கறுக்க நான் விதைநெல் மூட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு கலக்கமும் இல்லை. டிராக்டருக்கு முண்டு கொடுத்துவிட்டுச் சம்மட்டியால் பின்னை அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அயலட்டை ஆம்பிளைகள் சுற்றி நின்றார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் டீசல் என்றார். கை கொடுத்தவர் ஒருவருமில்லை, என் தேத்தண்ணியை மட்டும் குடித்தார்கள். அந்தப் பின் அசையவில்லை. அடிபட்ட தலைதான் காளான்போல விரிந்தது. விரிந்த தலை துளைக்குள்ளால் போகாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும்.

"தலையை அரைச்சுப்போட்டு, அச்சைச் சுத்திக் காஸ் நெருப்பு அடிச்சுச் சூடாக்குங்களன்" என்றேன்.

"பெயின்ற் கருகிப் போகும். நீ சும்மா இரி புள்ள."

"அப்ப கூலிக்கு வேற டிராக்டர் மெசினைக் கூப்பிடுவம்."

"வாசல்ல மெசினை வெச்சுக்கொண்டு கூலிக்குப் பிடிக்கிறதா? என்ர மானம் என்னாகிற?"

மானமாம், மண்ணாங்கட்டி! அவருடைய மானத்தை விதைத்தால் நெல் முளைக்குமா?

அடுத்த நாள் இன்னும் பெரிய சம்மட்டி தேடி அவர் மட்டக்களப்பு டவுனுக்குப் போனார். நான் பக்கத்து ஊர் டிராக்டர்காரருக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பி வருமுன் உழவும் முடிந்தது, விதைப்பும் முடிந்தது. அன்றிரவே மழை கொட்டியது. படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. பக்கத்தில் அவர் "போகம் போயிற்று" என்று புலம்பிக்கொண்டு கிடந்தார். நான் வாய் திறக்கவில்லை. அயலவர்களும் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேடிக்கை பார்க்க வேண்டுமே.

மழை வெளித்தபின் காஸ் கொண்டுவந்து அச்சைச் சூடாக்கினார், ஏதோ தானே கண்டுபிடித்த வித்தை மாதிரி. தலையையும் அரைத்தார். அந்தப் பின் நாலு தட்டில் கழன்று விழுந்தது. புதுப் பின் போட்டு, கிறீஸ் அடித்து, "சேறெண்டாலும் உழுது காட்டுறன் பார்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு காணிக்குப் புறப்பட்டார்.

காணி முழுக்கப் பச்சையாக முளை விட்டிருந்தது. டிராக்டரை நிறுத்தினார்.

"ஆரைக் கேட்டு உழுதாய்?"

"மழை உங்களைக் கேட்டா வந்த?"

டிராக்டரைத் திருப்பினார். வரம்பில் ஏறி இறங்கியபோது அச்சு இரண்டு பக்கமும் அழகாக ஆடியது. உழத்தான் நிலம் இல்லை.