காலையிலேயே வாங்கிவைத்த எண்கள்

அந்த கேட் டெலிபோனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அது யுத்த காலம். தியாகராய நகருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். ஸ்டேஷனுக்கு முக்கால் மைல் தள்ளி, செங்கல் சூளைக்குப் போகிற வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட் இருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கேட்மேன் ஒருவர், பக்கத்திலேயே இலாகா கொடுத்த ஓட்டு வீட்டில் மனைவியோடும் மூன்று பெண்களோடும் குடியிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

சட்டம் எளிமையானது. ரயில் வண்டி வருவதற்கு முன் நான் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி, கேட்டை மூடச் சொல்ல வேண்டும். அவர் மூடிவிட்டு, தன்னிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லுவார். அதை நான் பதிவேட்டில் எழுதினால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். எண் கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்தி, டிரைவரிடம் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து, கேட்டருகே நின்று பார்த்துப் போகச் சொல்ல வேண்டும்.

டெலிபோனோ நாலு தூறல் விழுந்தால் செத்துப்போகும். புகார் புத்தகத்தில் எழுதி எழுதி என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். எருமை மாட்டின்மேல் மழை பெய்தது போல மேலே இருந்தவர்கள் அசையவில்லை. கேட்டால் யுத்தம், சாமான் இல்லை என்பார்கள். ஆனால் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்ததில் வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், விளக்கம் கேட்டு அன்றைக்கே மெமோ வந்துவிடும். அதற்கு மட்டும் காகிதப் பஞ்சமே கிடையாது.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஆரம்பித்தது. நானும் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டேன். கேட்மேன் தினமும் காலையில் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க ஸ்டேஷனுக்கு வருவார். எண்ணெய் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்:

"இன்னா சார், இன்னிக்கி எத்தினி நம்பர் வோணும்?"

"பன்னெண்டு சொல்லுங்க. மழை வர மாதிரி இருக்கு."

கத்தரிக்காய் வாங்குவது போல வாங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வேன். வழக்கமான வண்டிகளின் நேரம் அவருக்கு மனப்பாடம். டெலிபோன் வேலை செய்யாவிட்டாலும் தானே கேட்டை மூடிவிடுவார். நான் காகிதத்தைப் பார்த்து எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிடுவேன். பதிவேட்டைப் பார்த்தால் எங்கள் டெலிபோன் மாதிரி உலகத்திலேயே கிடையாது என்று தோன்றும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், காலை பத்தரை மணிக்கு, அட்டவணையில் இல்லாத ராணுவ ஸ்பெஷல் ஒன்று வருவதாகத் தகவல் வந்தது. கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றினேன், கை வலிக்கச் சுற்றினேன். பதில் இல்லை. ராணுவ வண்டியை நிறுத்தினால் என்னைத் தொலைத்துவிடுவார்கள். எஞ்சின் ஊதும், அவர் கேட்டுக்கொள்வார் என்று நினைத்து, காகிதத்தில் மிச்சமிருந்த ஒரு எண்ணைப் பதிவேட்டில் எழுதி வண்டியை விட்டேன்.

ஓட்டின்மேல் கொட்டிய மழையில் அவருக்கு ஊதல் கேட்கவில்லை. திறந்திருந்த கேட்டுக்குள் ஒரு செங்கல் வண்டி ஏறியது. ஸ்பெஷல் அதன்மேல் மோதியதில் இரண்டு மாடும் அங்கேயே செத்தன. வண்டிக்காரனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி முதலில் என்னை மட்டும் அழைத்தார். இருந்ததை இருந்தபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன் கெட்டிருந்ததுன்னு எழுதினா மேல இருக்கறவங்க பதில் சொல்லணும். நம்பர் வந்திருந்தா கேட்மேன் தப்பு. வரலைன்னா நீ பொய் எழுதியிருக்கே. எதுன்னு நீயே சொல்லு."

பிறகு கேட்மேனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"போன் அடிக்கவே இல்ல சார்."

"அப்போ இந்த நம்பர் எப்படி வந்தது?"

"அது காத்தாலயே குட்த்தது சார். டெய்லி அப்டித்தான். தோ, சாரையே கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். அது காரணம்தான், நியாயம் இல்லை. "போனில்தான் சொன்னார்" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அவருக்கு வேலை போயிற்று. இரண்டாம் நாளே மெக்கானிக் வந்து, பேட்டரியையும் ஒரு துண்டுக் கம்பியையும் மாற்றினான். அரை மணி நேர வேலை! டெலிபோன் கணீரென்று பேசியது. அந்த அரை மணி நேரத்துக்காக எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்? எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறியலாம் போலிருந்தது. கோபத்தில் பாதி என்மேல்தான். அதை எங்கே எறிவது?

வீட்டைக் காலி செய்கிற அன்று கேட் சாமான்களை ஒப்புவிக்க வந்தார். அதற்கும் என் கையெழுத்து வேண்டும். வெளியே அவருடைய பெண்கள் மூவரும் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். கொடிகளையும் விளக்குகளையும் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். நான் தலை நிமிராமல், "எல்லாம் சரியா இருக்கு" என்று எழுதப்போனேன்.

அவர் ஒரு விளக்கை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல கண்ணாடி வெரிசல் வுட்டுக்கீது, பாருங்க. இதுலயாவது கீறத கீற மாதிரி எழுதுங்க சார்."

எழுதினேன். கை விளக்கு ஒன்று, கண்ணாடி விரிசல்.